மாம்பழ ஏலக்காரர் பரீட்சைக்குப் போகிறார்

பாலேஸ்வரியின் தோள்மூட்டுக்கு என்ன எண்ணெய் தடவலாம் என்று எழுதியனுப்பிய வாசகிகளுக்கு நன்றி. அவள் எல்லா எண்ணெயும் தடவிப் பார்த்துவிட்டாள் தாய்மாரே. முதியோர் இல்லத்தில் கட்டிலோடு கிடப்பவர்களைத் தூக்கியும் புரட்டியும் வந்த வலி அது. காலையில் ஒரு ஷிஃப்ட், பின்னேரம் ஒரு ஷிஃப்ட் என்று இரண்டு பேருடைய வேலையை ஒரே தோள் செய்தால் என்ன ஆகும்? பின்னேர ஷிஃப்டை விடாவிட்டால் சத்திரசிகிச்சைதான் என்று டாக்டர் சொன்ன இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

விட அவளுக்கும் ஆசைதான். ஆனால் வீட்டில் உழைப்பு என்று வருவது அவளுடையது மட்டும்தான். கணவர் ஸ்ரீகாந்தன் வேலை பார்த்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலை போன வருடம் மூடிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில், சிட்னியில், யாரிடம் போய் வேலை கேட்பார்? வீடு விற்கும் முகவராக லைசன்ஸ் எடுக்கிறேன் என்று படிக்கக் கிளம்பினார்.

இந்தத் தொடரில் நான் அவரைத் திட்டாத வாரம் குறைவு. ஆனால் படிப்பு விஷயத்தில் ஒரு குறை சொல்ல மாட்டேன். ஒப்பந்தச் சட்டம், வாடகைச் சட்டம் எல்லாவற்றோடும் மல்லுக்கட்டினார். புரியாத இங்கிலீஷ் சொற்களை மகள் துவாரகாவிடம் வெட்கப்படாமல் கேட்டார். ஒவ்வொன்றாகத் தேறினார். மிச்சம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மாதிரி ஏலம். இந்த ஊரில் வீடுகளைச் சனிக்கிழமைகளில் தெருவில் நின்று ஏலம் போட்டு விற்கிறார்கள் அல்லவா, அதைப் பரீட்சகர் முன்னால் செய்து காட்ட வேண்டும்.

தேறினால் வேலை தயார். வீடு விற்கும் நிறுவனம் ஒன்றை நடத்தும் பார்த்தசாரதி, சென்னைக்காரர், வாய்விட்டே சொல்லியிருந்தார். "ஏலம் போடத் தெரிஞ்ச தமிழ் ஆளைத் தேடிக்கிட்டே இருக்கேன் சார். சனிக்கிழமை பாஸ் பண்ணுங்க, திங்கக்கிழமை வந்து சேர்ந்துடுங்க."

ஏலத்தில் ஸ்ரீகாந்தனுக்குச் சோதனையா என்று சிரிக்காத ஆள் இல்லை. கோயிலில் மாம்பழத் திருவிழா என்றால் மைக் அவர் கையில்தான். சாமிக்குப் படைத்த ஒற்றை மாம்பழத்தைத் தட்டோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாரென்றால் சனம் சிரித்துச் சிரித்து விலையை ஏற்றும். அவருக்கென்று ஒரு வழி உண்டு. விலை ஓரிடத்தில் நின்றுவிட்டால், அடுத்தவர் கேட்கட்டும் என்று காத்திருக்க மாட்டார். "லண்டனில இருக்கிற பேரன்ர பேரில வரதராஜன் அண்ணை இருநூறு" என்று தானே சொல்லிவிடுவார். வரதராஜன் மூலையில் மோதகம் தின்றுகொண்டிருப்பார், வாயே திறந்திருக்க மாட்டார். ஆனாலும் மறுக்க மாட்டார். பேரன் பேரில் சாமி மாம்பழத்துக்கு விலை சொன்ன பிறகு இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? தூரத்தில் இருக்கிற பிள்ளைகளின் பேரில் கேட்டால் அந்தப் பிள்ளைக்கு நல்லது என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை.

இந்த ஆவணித் திருவிழாவில், விலை நின்றபோது, ஸ்ரீகாந்தன் தன் மகன் யசோதரனின் பேரைச் சொன்னார். கூட்டம் ஒரு நிமிடம் சிரிக்காமல் நின்றது. யசோதரனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு வேலை போனதும் படிப்பை இடையில் விட்டுவிட்டு உழைக்கப் போகிறேன் என்றான். "உன்ர உழைப்பில நான் சாப்பிடுறதோ" என்று அப்பா கத்தினார். அவன் மெல்பேர்ணுக்குப் போனவன்தான். அங்கே மல்கிரேவ் என்ற இடத்தில் ஒரு கிடங்கில் வேலை. அம்மாவோடு கதைக்கிறான், தங்கையோடு கதைக்கிறான். அப்பாவின் போனை மட்டும் எடுப்பதில்லை.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

பாலேஸ்வரி வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் கொண்டை முடியப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றக் கை மேலே எழவில்லை. துவாரகா வந்து கொண்டை ஊசியைக் குத்திவிட்டாள்.

"அம்மா, நீங்கள் உந்தக் கதிரையில இருங்கோ. நீங்கள்தான் வீடு வாங்க வந்த பையர். அப்பா, ஸ்டார்ட் பண்ணுங்கோ."

"எனக்கு பஸ் வந்திடும் பிள்ளை."

"ஒரு தரம்தான் அம்மா."

ஸ்ரீகாந்தன் குசினி மேசைக்கு முன்னால் நின்று டையை இழுத்துவிட்டார். விலை கேட்பவர்கள் தூக்கும் இலக்க அட்டைக்குப் பதிலாகப் பாலேஸ்வரி அகப்பையைத் தூக்கினாள். நானூறாயிரம் என்று தொடங்கியது விலை. படுக்கையறையில் விழும் வெயிலையும் பின்வளவு எலுமிச்சையையும் அவர் சொன்ன விதத்தைக் கேட்டால் இல்லாத அந்த வீட்டை நீங்களும் நானும் வாங்கிவிடுவோம். நானூற்றைம்பதில் பாலேஸ்வரி அகப்பையை மடியில் வைத்துவிட்டாள்.

"ஃபோர் ஃபிஃப்ட்டி. எனி மோர்?" ஸ்ரீகாந்தன் சுற்றிப் பார்த்தார். பிறகு கையை ஃபிரிட்ஜ் பக்கம் நீட்டினார். "மிஸிஸ் வரதராஜன், ஃபோர் சிக்ஸ்ட்டி."

துவாரகா மேசையில் தட்டினாள். "அப்பா. ஆர் அது?"

"வாய் தவறி வந்திட்டுது பிள்ளை."

"ஃபிரிட்ஜுக்கு நம்பர் குடுத்தனீங்களே? ரெஜிஸ்டர் பண்ணி, கையில நம்பர் வச்சிருக்கிற ஆள் கேட்டாத்தான் அது விலை. இல்லாத ஆள் கேட்டதெண்டு சொன்னா தட்ஸ் இல்லீகல். எத்தினை தரம் சொன்னனான்? விலை நிண்டா என்ன செய்யவேணும்?"

"நிப்பாட்ட வேணும்."

"நிப்பாட்டி?"

"விலை காணாது, இண்டைக்கு விக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு இறங்கவேணும்."

"அவ்வளவுதான். வித்தாத்தான் பாஸ் எண்டில்லை. விக்காமல் விட்டாலும் பாஸ்தான். ரூலை உடைச்சாத்தான் ஃபெயில்."

"விக்காமல் விடுறதோ" என்றார் ஸ்ரீகாந்தன். "சாமிப் பழத்தைத் தட்டோட திருப்பி உள்ள கொண்டுபோற மாதிரியெல்லோ இருக்கும்."

"இது மாம்பழம் இல்லை அப்பா."

பாலேஸ்வரி சிரித்துக்கொண்டு எழுந்தாள். பையை நல்ல தோளில் மாட்டினாள். "சும்மா மனுசனை வெருட்டாதை பிள்ளை. அவருக்குத் தெரியாத ஏலமே?" என்றாள். கணவரைப் பார்த்து, "முடிஞ்ச உடன எனக்குப் போன் எடுங்கோ, என்ன?" என்றாள்.

"இந்தக் கிழமையோட உம்மட பின்னேர ஷிஃப்ட் முடிஞ்சுது" என்றார் ஸ்ரீகாந்தன். "நான் சொல்லுறன், இருந்து பாரும்."

"அப்பிடியே நடக்கட்டும். போட்டு வாறன்."

அவள் படி இறங்கி நடந்து போவதை அவர் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். வலிக்கிற கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டுதான் போனாள். வீட்டுக்குள் ஒரு நாளும் அப்படித் தாங்க மாட்டாள், மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று. ஒரு பை அரிசி தூக்கிக் கொடுப்பதைத் தவிர அந்தத் தோளுக்கு அவரால் இதுவரை எதுவும் செய்ய முடியவில்லை.

மாதிரி ஏலம் ஸ்ட்ராத்ஃபீல்டில், கொரியன் பேக்கரி ஒன்றுக்கு மேல்மாடி வகுப்பறையில். பரீட்சகர் ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. கெட்ட மனுசி இல்லை, வகுப்புக் காலம் முழுக்க ஸ்ரீகாந்தனை 'ஸ்ரீ' என்று அன்பாகக் கூப்பிட்டவர். உண்மையான ஏலம் போல இருக்கட்டும் என்று சுற்றுவட்டாரத்து முகவர்கள் சிலரையும் விலை கேட்க அழைத்திருந்தார். ஆளுக்கொரு இலக்க அட்டை. ஏழாம் இலக்கத்தோடு முன்வரிசையில் பார்த்தசாரதி உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், ரெடியா?" என்றார். "உங்க ஏலத்தைப் பாக்கத்தான் வந்திருக்கேன். கோயில்ல கேட்டிருக்கேன், இங்க எப்படின்னு பாக்கணும்."

"செய்வம்" என்றார் ஸ்ரீகாந்தன்.

துவாரகாவுக்குக் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், ஒரு கதிரை கொடுத்தார்கள். அப்பாவின் போனையும் அவளே வைத்திருந்தாள்.

முதலில் போனது ஒரு சீனப் பெண். நன்றாகத்தான் கொண்டுபோனாள், ஆனால் விலை ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஒருவரும் அட்டையைத் தூக்கவில்லை. அவள் மூன்று தரம் கேட்டுப் பார்த்தாள். பிறகு, எதிர்பார்த்த விலை வரவில்லை, வீடு இன்று விற்கப்படவில்லை, நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கினாள். ஹெலன் சிரித்துக்கொண்டே தேறிவிட்டாய் என்றார்.

துவாரகாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஓரிடத்தில் நிறுத்துங்கள் என்று விலை கேட்பவர்களிடம் ஹெலனே சொல்லி வைத்திருக்கிறார். நின்ற பிறகு ஏலக்காரர் என்ன செய்கிறார் என்பதுதான் சோதனை. அப்பாவுக்கும் இது விளங்கியிருக்கும் என்று நினைத்தாள். கண்முன்னால்தானே நடந்தது, இதைவிட என்ன வேண்டும் என்று அவள் மனம் கொஞ்சம் ஆறியது.

அடுத்தது ஸ்ரீகாந்தன்.

முதல் இரண்டு வசனத்தில் இங்கிலீஷ் தடக்கியது. மூன்றாவது வசனத்தில் மாம்பழ ஏலக்காரர் எழுந்துவிட்டார். அந்த வீட்டுச் சமையலறையில் மாமியாரும் மருமகளும் ஒருவரோடு ஒருவர் முட்டாமல் சமைக்கலாம் என்றார், அறையே சிரித்தது. ஹெலனும் சிரித்தார். விற்பவர் சார்பில் ஏலக்காரர் ஒரே ஒரு விலை சொல்லலாம், ஆனால் அது விற்பவரின் விலை என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அதை முறைப்படி அறிவித்து, ஆரம்பத்திலேயே சொல்லி முடித்தார். பிறகு அட்டைகள் எழுந்தபடி இருந்தன. பின்வரிசை மெல்லியவர், ஜன்னலோரத்துப் பெண், பார்த்தசாரதி, மீண்டும் ஜன்னலோரத்துப் பெண். ஒன்றரை வருடமாக வீட்டில் குனிந்து நடந்த மனிதர் அங்கே நிமிர்ந்து நின்றார். துவாரகாவுக்குக் கண் கலங்கியது.

நானூற்றெண்பதாயிரம், பார்த்தசாரதி. அங்கே நின்றது.

"ஃபோர் எய்ட்டி. டூ ஐ ஹியர் ஃபோர் நைன்ட்டி?"

அட்டைகள் மடியில் கிடந்தன. விற்பவர் எதிர்பார்ப்பது ஐந்நூறு. ஸ்ரீகாந்தன் இன்னொரு தரம் கேட்டார். ஒருவர் இருமினார். சொல்லிவிட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சீனப் பெண் சொன்ன அதே வசனம்.

நிப்பாட்டுங்கோ அப்பா என்று துவாரகா சத்தமில்லாமல் வாயசைத்தாள். அவர் அவள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலால் கதவைப் பார்த்தார். இந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு ஏலத்தையும் அமைதியில் விட்டதில்லை. அமைதி விழுந்தால் அவருக்குக் கை தானாக எழும். நான் எழுதுகிறவள், நானே அந்தக் கையைப் பிடித்து நிறுத்த நினைத்தேன். முடியவில்லை.

கை கதவை நோக்கி நீண்டது.

"ஃபோர் நைன்ட்டி. அட் த பேக். யசோதரன், ஃப்ரம் மெல்பேர்ண். தேங்க் யூ, சேர்."

எல்லாத் தலைகளும் திரும்பின. துவாரகாவும் திரும்பினாள். அண்ணா வந்துவிட்டானோ என்று ஒரு கணம் அவளும் நம்பிவிட்டாள். கதவடியில் தீயணைப்புக் குழாய் ஒன்று மாட்டியிருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

அந்த வேகத்தில் பார்த்தசாரதிக்கும் சொல்லி வைத்தது மறந்துபோனது. ஏழாம் இலக்கத்தைத் தூக்கிவிட்டார். ஐந்நூறாயிரம், ஒரு தரம், இரண்டு தரம், ஸ்ரீகாந்தன் மேசையில் அடித்தார். வகுப்பே கைதட்டியது. சீனப் பெண் எழுந்து நின்று தட்டினாள். ஸ்ரீகாந்தன் கைகூப்பி வணங்கினார், முகமெல்லாம் சிரிப்பு. கைதட்டாமல் இருந்தது இரண்டு பேர், ஹெலனும் துவாரகாவும்.

கைதட்டல் ஓயும் வரை ஹெலன் காத்திருந்தார்.

"ஸ்ரீ, நானூற்றுத் தொண்ணூறு கேட்டது எந்த இலக்கம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஸ்ரீகாந்தனின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. அவர் கதவைப் பார்த்தார், ஹெலனைப் பார்த்தார். எதைச் செய்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

ஹெலன் பின்னால் திரும்பினார். துவாரகாவின் கையில் போன் இருந்தது. "போனில் யாராவது விலை கேட்டார்களா? போனில் கேட்கலாம், அனுமதி உண்டு. உன் மகள் யாருக்காகவாவது போனைப் பிடித்துக்கொண்டிருந்தாளா?"

நான் சொன்னேனே, கெட்ட மனுசி இல்லை என்று. அவர் ஒரு வழியைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தார். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஆமாம் என்று ஒரு சொல், அதற்கு மேல் ஹெலன் கேட்டிருக்க மாட்டார்.

துவாரகா எழுந்தாள். "யெஸ்" என்று சொல்லத்தான் எழுந்தாள். அம்மாவின் தோளை நினைத்துக்கொண்டுதான் எழுந்தாள். வாய் திறந்துவிட்டது.

"இல்லைப் பிள்ளை" என்றார் ஸ்ரீகாந்தன் தமிழில். "நீ இரு."

பிறகு ஹெலனிடம் இங்கிலீஷில் சொன்னார். "அங்கே ஒருவரும் இல்லை." கொஞ்சம் நிறுத்தி, "அவன் என் மகன். அவன் இங்கே இல்லை" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னீர் என்று எனக்கும் அவர் மேல் கோபம்தான். மகளைப் பொய் சொல்ல வைக்க மனம் வரவில்லையா, அல்லது பையன் அங்கே இருக்கிறான் என்று இன்னொரு தரம் சொல்லத் தெம்பு இல்லையா, அவருக்கே தெரிந்திருக்காது.

ஹெலன் பேனாவை மூடினார். இல்லாத ஆளின் விலையை ஏற்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது, சட்டம் அப்படி, என்றார். இன்னும் தகுதி பெறவில்லை என்று எழுத வேண்டியிருக்கிறது. அடுத்த மாதிரி ஏலம் பெப்ரவரியில், தவறாமல் வா என்றார். இதுவரை இந்த அறையில் கேட்ட ஏலங்களில் உன்னுடையதுதான் சிறந்தது என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மாடிப்படியில் பார்த்தசாரதி காத்துக்கொண்டு நின்றார்.

"சார், கோவிச்சுக்காதீங்க."

"இல்லை, சொல்லுங்கோ."

"உங்க மாதிரி யாரும் பேச முடியாது. ஆனா ரூம்ல இருந்த ஏஜெண்ட் எல்லாரும் பாத்துட்டாங்க. நாளைக்கு நீங்க எங்க போர்டுக்குக் கீழ நின்னு ஏலம் போட்டீங்கன்னா, பின்னாடி கேக்கறது நிஜ ஆளான்னு சந்தேகப்படுவாங்க. ஒரு கம்ப்ளெயின்ட் போதும், என் லைசன்ஸ் போயிடும். எனக்கும் குடும்பம் இருக்கு."

"பெப்ரவரி வரைக்கும் வேற ஏதும் வேலை... போர்ட் நடுறது, நோட்டீஸ் குடுக்கிறது" என்று ஸ்ரீகாந்தன் தொடங்கினார்.

"அடுத்த சனிக்கிழமை எனக்கு ஏலம் இருக்கு சார். வேற ஒருத்தர்கிட்ட பேசியாகணும். ரெண்டு பேருக்கு சம்பளம் குடுக்கற அளவுக்கு நான் இல்ல." பார்த்தசாரதி அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க."

"உங்களில பிழை இல்லை" என்றார் ஸ்ரீகாந்தன். மனதாரத்தான் சொன்னார். அவரில் பிழை இல்லை, ஹெலனிலும் பிழை இல்லை. யார் மேலாவது பழி போட்டுத் திட்டித் தீர்க்கலாம் என்றால் அதற்கும் ஆள் கிடைக்கவில்லை.

கார் பேக்கரிக்குப் பின்னால் நின்றது. இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். ஸ்ரீகாந்தன் திறப்பைப் போட்டார், திருகவில்லை.

"ஏன் அப்பா அண்ணான்ர பேரைச் சொன்னனீங்கள்?"

"தெரியேல்லைப் பிள்ளை. ஆரும் கேக்கேல்லை. எல்லாரும் பேசாமல் இருந்தவை. எனக்குக் கதவடியில அவன் நிக்கிற மாதிரி..." முடிக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். துவாரகா அவர் முதுகில் கையை வைத்தாள். இதுவரை அப்பாவை அப்படித் தொட்டதில்லை, அந்தக் கையை அங்கே எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மாவுக்கு நான் சொல்லட்டே?"

"வேண்டாம். நான் பிழை விட்டனான், நான்தான் சொல்லவேணும். ஒண்டும் மறைக்காமல் சொல்லுறன்." நிமிர்ந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பின்னேர ஷிஃப்ட் இன்னும் கொஞ்ச நாள் எண்டு சொல்லுவம். நான் நாளைக்கே துப்பரவு வேலை ஏதும் தேடுறன். பெப்ரவரி ஒண்டும் தூரமில்லை."

"ஓம் அப்பா."

"எங்க, போனைத் தா."

அவள் நீட்டுவதற்குள் போன் அடித்தது. பாலேஸ்வரிதான். ஸ்ரீகாந்தன் கையை நீட்டவில்லை. துவாரகாவே ஸ்பீக்கரைப் போட்டுப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, முடிஞ்சுதே? எடுப்பியள் எடுப்பியள் எண்டு பாத்தால் காணேல்லை. நான் பிறேக்கில நிக்கிறன். கொஞ்சம் பொறுங்கோ, முதல் நான் ஒரு விஷயம் சொல்லுறன்."

"பாலா, நான்..."

"கேளுங்கோவன். இண்டைக்கு மனேஜர் வந்தவ. தை மாசம் வரைக்கும் ஆருக்கு எந்த ஷிஃப்ட் எண்டு ரோஸ்டர் போடப்போறாவாம், பின்னேர ஷிஃப்ட் தொடர்ந்து செய்வியோ, இப்பவே சொல்லு எண்டா. நான் ஏலாது எண்டிட்டன். உடன கையெழுத்தும் வைச்சாச்சு. ரோஸ்மேரி எண்டு ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை, அவளுக்குக் குடுத்தாச்சு என்ர ஷிஃப்டை." பாலேஸ்வரி சிரித்தாள். அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. "எனக்கு உங்களில அவ்வளவு நம்பிக்கையப்பா. நான் செய்தது சரிதானே?"

துவாரகா அப்பாவைப் பார்த்தாள். அப்பா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லுங்கோ, இப்ப சொல்லுங்கோ என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. சொல்லாதேங்கோ என்றும் அடித்துக்கொண்டது.

"ஓம்" என்றார் ஸ்ரீகாந்தன்.

"அப்ப பாஸ்தானே?"

"ஓம்."

"எனக்குத் தெரியும்" என்றாள் பாலேஸ்வரி. குரல் உடைந்துவிட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்தறிய முடியவில்லை. "தோளில இப்பவே பாதி நோ குறைஞ்சிட்டுதப்பா. யசோவுக்கு இப்பவே மெசேஜ் போடுறன். அப்பா வேலைக்குப் போறார், நீ திரும்பி வந்து படி எண்டு சொல்லுறன். இனி அவன் என்ன சாட்டுச் சொல்லப்போறான்?"

"அம்மா" என்றாள் துவாரகா.

ஸ்ரீகாந்தன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கிப் பிடிக்கவில்லை. அவள் விரும்பினால் உதறியிருக்கலாம். அவள் உதறவில்லை, மேற்கொண்டு பேசவும் இல்லை.

"என்ன பிள்ளை?"

"ஒண்டும் இல்லை அம்மா."

"பொறு, இஞ்ச இவள் போனைப் பறிக்கிறாள். உங்களோட கதைக்கவேணுமாம்."

போன் கைமாறும் சத்தம். பிறகு ஒரு இளம் பெண்ணின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, இங்கிலீஷில் வந்தது. "சேர், நான் ரோஸ்மேரி. கங்கிராஜுலேஷன்ஸ், சேர். பாலா ஷிஃப்டை விட்டதால்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. என் கணவருக்கும் வேலை போய்விட்டது, கைக்குழந்தை இருக்கிறது. உங்களால்தான், சேர். கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும். தேங்க் யூ."

ஸ்ரீகாந்தன் போன் பக்கம் குனிந்தார்.

"யூ ஆர் வெல்கம்" என்றார்.